லிஃப்ட்டுக்குக் கட்டிய விளக்குகள்

ஜனவரி 19, ஞாயிறு

பேரிங் கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி. எழுதுகிற பழக்கம் எனக்கு இல்லை. மில்லில் ஷிப்டு ரிப்போர்ட் எழுதியதோடு சரி. இன்றைக்கு யாரையாவது பிடித்துக் கத்த வேண்டும் போல இருக்கிறது. கலாமணி கோயிலுக்குப் போய்விட்டாள். அதனால் டைரி.

விஷயம் இதுதான். காருக்கு அடியில் வெளிச்சமே இல்லை.

மில்லை மூடிய பிறகு வீட்டுக் கார் செட்டிலேயே இரண்டு தூண் லிஃப்ட் ஒன்றைப் போட்டுப் பழைய ஃபியட் வண்டிகளுக்கு வேலை பார்த்து வருகிறேன். விற்கவும் மனசில்லாமல் ஓட்டவும் முடியாமல் ஃபியட்டை வைத்திருப்பவர்கள் கோயமுத்தூரில் நிறையப் பேர். அவர்கள் புண்ணியத்தில் பிழைப்பு ஓடுகிறது. தூண்களிலிருந்து நீளும் இரும்புக் கைகள் வண்டியை அடியில் தாங்கித் தலைக்கு மேலே தூக்கும். தூக்கிய வண்டி கூரையில் இருக்கும் டியூப்லைட்டை மறைத்துக்கொள்ளும். கீழே நிற்பவனுக்கு மிஞ்சுவது நிழல். இத்தனை நாள் இந்த இருட்டில் எப்படி வேலை பார்த்தேன் என்பதுதான் ஆச்சரியம்.

இன்று பச்சை ஃபியட்டின் சைலன்சர் நட்டு கைதவறி விழுந்தது. முட்டி போட்டுத் தேடினேன். டார்ச் அடித்துத் தேடினேன். கோயிலுக்குக் கிளம்பிய கலாமணி எட்டிப் பார்த்து, "ஏனுங்க, உங்க கால்கிட்டயே கெடக்குதுங்" என்று எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் வெயிலில் நிற்கிறாள், தெரிகிறது. நான் காருக்கு அடியில் நிற்கிறேன்.

லிஃப்ட்டுக்கு எல்.இ.டி. விளக்கு போடப் போகிறேன்.

ஜனவரி 27

டவுன்ஹால் பக்கம் போய் வாங்கி வந்தேன். சுருளாக வரும் பட்டி விளக்கு, அதைப் பதிக்க அலுமினியச் சட்டம், மேலே மூட பால் நிற மூடி. வீட்டுக் கரண்டைப் பன்னிரண்டு வோல்டாகக் குறைத்துக் கொடுக்க ஒரு சின்ன டப்பா. அதற்கு டிரைவர் என்று பேர். ஓட்டுவதற்கு வண்டி இல்லாத டிரைவர்.

திரும்பி வரும்போது ஸ்கூட்டரின் இடது கண்ணாடி கேட்டில் உரசி உடைந்தது. அந்தக் கேட்டைக் கட்டிய கொத்தனாரைச் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 2, ஞாயிறு

நாள் முழுக்க வேலை. தூணில் துளை போடக் கூடாது, தாங்குகிற இரும்பு பலவீனமாகிவிடும். அதனால் காந்தத் துண்டுகளை வைத்துச் சட்டத்தை ஒட்டினேன். கஷ்டமெல்லாம் ஒயரில்தான். கைகள் மேலும் கீழும் போகும்போது ஒயரும் கூடவே போக வேண்டும். நசுங்கவும் கூடாது, இழுபடவும் கூடாது. பழைய டெலிபோனுக்கு வருமே சுருள் ஒயர், அந்த மாதிரி ஒன்றைத் தொங்கவிட்டேன். லிஃப்ட்டை ஏற்றி இறக்கிப் பார்த்தேன். ஒயர் சமர்த்தாக நீண்டு சுருங்கியது.

மச்சினன் சென்னியப்பன் வந்திருந்தான். கலாமணிக்குத் தம்பி, டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறான். சுவிட்சைப் போட்டதும், "மாமா, கல்யாண மண்டபமாட்டம் இருக்குதுங்க. பந்தி எப்பங்க?" என்றான். நானும் சிரித்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 9

வெளிச்சம் போதவில்லை. பட்டி விளக்கு நல்ல சரக்கு இல்லை போலிருக்கிறது. ஒரு வாரத்திலேயே மங்கிவிட்டது. கலாமணியிடம் சொன்னேன். அவள் விளக்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அன்னிக்கு இருந்த மாதிரியேதானுங்க இருக்குது."

"உனக்கென்ன புள்ள தெரியும்? இது மங்கல்."

அவள் உள்ளே போய்விட்டாள். பொதுவாக இந்த இடத்தில் என்னைக் கேலி செய்வாள்.

பிப்ரவரி 20

லிஃப்ட் கையில் மோதி முழங்காலுக்குக் கீழே தோல் வழன்றுவிட்டது. அந்தக் கை அங்கேதான் எப்போதும் இருக்கும், போட்டவனே நான்தான். மஞ்சள் டேப் சுற்றிவிட்டேன். கைகளின் ஓரத்திலும் பட்டி விளக்கு ஒட்டினேன். இப்போது கைகள் எரியும் குச்சிகளாக நீட்டிக்கொண்டு நிற்கின்றன. இனி மோத வழியில்லை.

பிப்ரவரி 23

மறுபடியும் மோதினேன். அதே இடம்.

மார்ச் 4

சாப்பிடும்போது தண்ணீர் டம்ளரை மேசையில் வைத்தேன். மேசை அங்கே இல்லை. டம்ளர் கீழே உருண்டது. நான் துடைக்கக் குனிந்தபோது கலாமணி என் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"மாமனாருக்கும் இப்படித்தானுங்க தொடங்குச்சு" என்றாள்.

அப்பா கடைசிக் காலத்தில் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பார். அது வயசானதால். எனக்கு அறுபதுகூட ஆகவில்லை என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவள் அழுதாள். சரி, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று சொன்ன பிறகுதான் அழுகை நின்றது.

மார்ச் 11, செவ்வாய்

கண் ஆஸ்பத்திரி. காலை போய் மாலை வரை.

கண்ணுக்குள் காற்று அடித்தார்கள், சொட்டு விட்டார்கள், வெளிச்சம் அடித்தார்கள். கடைசியில் ஒரு சின்ன அறையில் அண்டா மாதிரி குழிந்த ஒரு மெஷின் முன்னால் உட்கார வைத்து ஒரு கண்ணை மூடிவிட்டார்கள். தாடையை அதில் வைத்துக்கொண்டு நடுவில் இருக்கும் புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றிலும் அங்கங்கே குட்டி வெளிச்சம் வந்து வந்து போகுமாம். வரும்போதெல்லாம் கையில் இருக்கிற பொத்தானை அமுக்க வேண்டும். விளக்கு விஷயம். நமக்குத் தெரியாததா?

நடுவில் சில வெளிச்சங்கள் வந்தன. டக் டக்கென்று அமுக்கினேன். அப்புறம் ஒன்றும் வரவில்லை. காத்திருந்தேன். பொறுமையாகத்தான் காத்திருந்தேன். ரொம்ப நேரமானதும், "அம்மிணி, மெஷின் நின்னுபோச்சாட்டருக்குது, பாரு" என்றேன்.

"ஓடிட்டுத்தானுங்கப்பா இருக்குது. நடுவுலயே பாருங்க" என்றது மெஷினைப் பார்த்துக்கொள்ளும் பெண்.

அது சொன்ன பிறகுதான் மெஷினுக்குள்ளிருந்து வரும் சின்ன சத்தத்தைக் கவனித்தேன். டிக், டிக், டிக். ஒவ்வொரு சத்தத்துக்கும் எங்கேயோ ஒரு வெளிச்சம் வந்துகொண்டிருந்திருக்கிறது.

டாக்டர் சின்ன வயசு. கிளாக்கோமா என்றார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைக் கொன்றுவிடுமாம், வலிக்காமல், ஓரத்திலிருந்து ஆரம்பித்து. இடது கண் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. வலது கண்ணில் குழாய் வழியாகப் பார்ப்பது போல நடுவில் கொஞ்சம் இருக்கிறது. "போனது திரும்பி வராதுங்க. இருக்கறதக் காப்பாத்திக்கலாம். சொட்டு மருந்த ஒரு வேளைகூட விடக் கூடாது" என்றார். வண்டி ஓட்டக் கூடாது. மெஷின் வேலை கூடாது.

மெஷினில் பல்பு சரியில்லை என்பது என் அபிப்பிராயம்.

பஸ்ஸில் கலாமணி என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். கல்யாணமான புதிதில்கூட வெளியிடத்தில் அப்படிப் பிடித்ததில்லை.

மார்ச் 16

காலையும் மாலையும் கலாமணிதான் சொட்டு விடுகிறாள். இடது கைக் கட்டைவிரலால் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வலது கையால் குப்பியை அமுக்குவாள். ஒரு சொட்டு. கண் எரியும். "மூடுங்க, மூடுங்க" என்பாள். மூடியபடி கிடப்பேன்.

ஸ்கூட்டர் சாவி சென்னியப்பனிடம் போய்விட்டது. "ஊருக்கே ஓட்டக் கத்துக் குடுக்கறவன் நான், உங்ககிட்ட சாவி புடுங்க வேண்டியதாப் போச்சே மாமா" என்றான். அவன் கேலி செய்யும்போதே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அக்காளும் தம்பியும் லிஃப்ட்டையும் நிறுத்தச் சொன்னார்கள். பச்சை ஃபியட் அந்தரத்தில் நிற்கிறது, பாதி பிரித்த நிலையில். ஒப்புக்கொண்ட வேலை. அதை முடித்துவிட்டு நிறுத்துகிறேன் என்றேன்.

மார்ச் 30

இன்னும் விளக்கு வாங்கினேன். எதிர்ச் சுவரில் ஃபோகஸ் லைட் நான்கு. தரையோரமாகப் பட்டி. செட்டின் ஷட்டரை இறக்கிவிட்டு எல்லாவற்றையும் போட்டால் எனக்கு வண்டியின் அடிப்பாகம் நன்றாகத் தெரிகிறது. நன்றாக என்றால், எங்கே பார்க்கிறேனோ அங்கே. கலாமணி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு டீ கொண்டுவந்தாள். "ஒறம்பரை சனத்தையெல்லாம் கூப்புட்டு நோம்பி கொண்டாடிரலாமுங்க" என்றாள். நெடுநாளைக்கு அப்புறம் அவள் கேலி செய்தாள்.

ஏப்ரல் 13

ஒரு யோசனை தோன்றிச் செய்தும் விட்டேன்.

மில்லில் ஒரு வழக்கம். நின்ற மெஷினைத் திரும்ப ஓட்டும் முன்னால், "ஓட்டறேன்" என்று உரக்கச் சொல்ல வேண்டும். உள்ளே கை வைத்திருப்பவன் கையை எடுத்துவிட்டு "ஓட்டு" என்று சொல்ல வேண்டும். பதில் வராமல் சுவிட்சைத் தொட்டவனை நான் வேலையை விட்டே அனுப்பியிருக்கிறேன். லிஃப்ட்டுக்கும் அதையே வைத்திருந்தேன். நான் "எறக்கறேன்" என்பேன். செட்டில் இருப்பவர் "எறக்குங்க" என்பார். கலாமணிக்கும் பழக்கம். சமையலறையிலிருந்துகூடச் சில சமயம் "எறக்குங்க" என்று குரல் வரும்.

இப்போது எதிர்ச் சுவரில் ஒரு பெரிய சிவப்பு விளக்கு வைத்துவிட்டேன். இறக்கும் லீவரைத் தொட்டதும் அது எரியும். பார்க்கிறவன் விலகிக்கொள்ள வேண்டியதுதான். இத்தனை வெளிச்சம் இருக்கும்போது கூச்சல் எதற்கு?

"சத்தமும் போடுங்க. வாய் என்ன தேஞ்சா போயிரும்?" என்றாள் கலாமணி.

"அந்தச் சிவப்பு எனக்கே தெரியுது. உனக்குத் தெரியாதா?" என்றேன்.

உண்மையைச் சொன்னால், அந்தச் சிவப்பு மட்டும் எனக்கு மிகத் தெளிவாகத் தெரிகிறது. அதைப் பார்த்தபடியே இறக்குவது எளிதாக இருக்கிறது. வேறு எங்கேயும் கண்ணை அலைய விட வேண்டியதில்லை.

ஏப்ரல் 29

மகள் தாரணி பெங்களூரிலிருந்து போன். "கண் எப்படி இருக்குதுப்பா?" நல்லா இருக்குது கண்ணு என்றேன். அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாள். கலாமணி போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

மே 6

பச்சை ஃபியட் அநேகமாக முடிந்தது. சக்கரங்களை மாட்டி இறக்க வேண்டியதுதான் பாக்கி. இது போனால் செட்டு காலி. காலியான பிறகு என்ன செய்வேன் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

மே 8

கலாமணியின் வலது கை.

மே 15

எழுத வேண்டும். எழுதாமல் இருந்தால் அது அப்படியே நெஞ்சுக்குள் நிற்கிறது.

வண்டி முழங்கால் உயரத்தில் நின்றது. சக்கரங்களை மாட்டியாயிற்று. நான் இடது தூணில் லீவர் அருகே நின்றேன். கலாமணி டீ டம்ளரை எடுக்க வந்தவள். அவளைப் பேசி அனுப்பிவிட்டதாகத்தான் நினைத்தேன். முன்சக்கரத்து நட்டு ஒன்று லிஃப்ட் கைக்கு அடியில் கிடந்ததைப் பார்த்திருக்கிறாள். என் கண்ணுக்கு அது படாது என்று தெரிந்தவள்தானே. எனக்கு நேர் முன்னால் குந்தி உட்கார்ந்து கையை அடியில் விட்டிருக்கிறாள்.

நான் சிவப்பு விளக்கைப் பார்த்தபடி லீவரை அழுத்தினேன். விளக்கு எரிந்தது. அழகாக எரிந்தது.

அவள் கத்தியது எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. லீவரை விட்டேன். அதற்குள் லிஃப்ட் கை தரையில் உட்கார்ந்துவிட்டது. மறுபடி ஏற்றுவதற்கு மோட்டார் பொத்தானைத் தேடினேன், அது என் தோளுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, தேடினேன், கிடைக்கவில்லை. அவளே, "மேல, மேல, இன்னும் இந்தப் பக்கமா" என்று வழி சொன்னாள். விரல் நசுங்கிக் கிடக்கும்போது எனக்கு வழி சொன்னாள்.

ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. கட்டைவிரல் எலும்பு முறிந்திருக்கிறது.

ஆஸ்பத்திரியில் எல்லோரிடமும் அவள் ஒரே பதிலைச் சொன்னாள். "அவரு எறக்கறேன்னு சத்தம் போட்டாருங்க. எனக்குத்தான் காதுல உளுகலை." டாக்டரிடம் சொன்னாள். சென்னியப்பனிடம் சொன்னாள். நான் பக்கத்திலேயே நின்றேன். நான் சத்தம் போடவில்லை என்று எனக்கும் அவளுக்கும் தெரியும். வாயைத் திறக்கவில்லை. இப்படி ஒரு மனுஷன் நான் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

எங்களைத் தவிர யாரும் இல்லாதபோது மட்டும் ஒரு தடவை கேட்டாள். கோபமாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான். "என்னைய நேராப் பாத்துட்டுத்தானே நின்னீங்க. பாத்துட்டீங்கன்னுதானுங்க நான் கையை உட்டேன்."

மே 18

தாரணி வந்திருக்கிறாள். அம்மாவுக்கு ஊட்டிவிடுகிறாள். தலை வாரிவிடுகிறாள். என்னோடு அதிகம் பேசவில்லை.

மாலை செட்டுக்குள் போய்ச் சுவிட்சுகளைப் போட்டுப் பார்த்தாள். கையை நெற்றியில் வைத்துக் கண்ணை மறைத்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன், குரல் அப்படி வந்தது.

"ஐயோ, கண்ணு கூசுதுப்பா. இத்தன வெளிச்சத்துலயாப்பா அம்மா உங்களுக்குத் தெரியலை?"

நான் கூட்டுமாறை எடுத்துத் தரையைப் பெருக்க ஆரம்பித்தேன். அவள் அழுதுகொண்டே விளக்குகளை அணைத்தாள்.

மே 21

தாரணி பெங்களூர் போய்விட்டாள். தினமும் வந்து சமைத்துவிட்டுப் போக ஓர் அம்மாளை ஏற்பாடு செய்திருக்கிறாள்.

இத்தனை நாள் சென்னியப்பனும் தாரணியும் விட்ட சொட்டு மருந்தை இனி யார் விடுவது என்று பேச்சு வந்தது. கலாமணியின் வலது கையில் பெரிய கட்டு. இடது கையால் குப்பியை அமுக்கிப் பார்த்தாள். சொட்டு கன்னத்தில் விழுந்தது. மறுபடி முயன்றாள், மூக்கில் விழுந்தது. நானே விட்டுக்கொள்கிறேன், எனக்கென்ன கை இல்லையா என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது.

மே 22

மருந்து போட்டீங்களா என்றாள். போட்டாச்சு என்றேன்.

மே 27

கட்டுப் பிரித்தார்கள். பார்க்கச் சொன்னாள். கையை என் முகத்துக்கு நேராக, நான் பார்க்கிற அந்தச் சின்ன வட்டத்துக்குள் சரியாகக் கொண்டுவந்து நிறுத்தினாள். எங்கே நிறுத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. முழுவதும் பார்த்தேன். தையல் போட்ட இடம், வீக்கம், இல்லாத இரண்டு விரல்.

இந்தக் கண் இருந்து யாருக்கு என்ன லாபம்.

மே 28

போட்டாச்சு என்றேன்.

ஜூன் 3

போட்டாச்சு என்றேன்.

ஜூன் 8, ஞாயிறு

பச்சை ஃபியட்டை அதன் சொந்தக்காரர் வந்து ஓட்டிப் போனார். எஞ்சின் சத்தம் ரொம்ப நேர்த்தி என்றார். தெருமுனை திரும்பும் வரை சத்தம் கேட்டது. வண்டி போவதைப் பார்க்கவில்லை. பார்க்க முயன்றேன், அதற்குள் அது நகர்ந்துவிட்டிருந்தது.

லிஃப்ட்டை விற்றுவிடலாம் என்றான் சென்னியப்பன். அவினாசியில் ஒருவர் கேட்கிறாராம். "லைட்டோட சேத்துக் குடுத்தரலாமுங்க மாமா, பாத்தா உட மாட்டாரு" என்றான். சரி என்றேன்.

ஜூன் 15

மழைச் சாரல். பாலக்காட்டுப் பக்கமிருந்து மேகம் வந்து வானம் மூடியே கிடக்கிறது. வீட்டுக்குள் பகலிலும் இருட்டு. பெரிய எழுத்தில்தான் எழுத முடிகிறது. மார்க்கர் பேனா வாங்கி வரச் சொன்னேன்.

போட்டாச்சு என்றேன்.

ஜூன் 18

நாளை எங்கள் பக்கம் மாதாந்திர ஷட் டவுனாம். காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் இருக்காது. கலாமணி பேப்பரில் படித்துச் சொன்னாள். முன்பெல்லாம் நான் படித்து அவளுக்குச் சொல்வேன். அவினாசிக்காரர் நாளை மறுநாள் வருகிறார்.

ஜூன் 24, செவ்வாய்

இதை எழுதுகிற விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பேனா பிடிக்க வரும், வரி தெரியாது. கலாமணிக்கு வரி தெரியும், பேனா பிடிக்க வராது. அதனால் அவள் தன் இடது கையால் என் கையைப் பிடித்து வரியின் தொடக்கத்தில் வைக்கிறாள். நான் "எழுதறேன்" என்கிறேன். அவள் "எழுதுங்க" என்கிறாள். வரி முடிகிற இடத்தில் என் மணிக்கட்டைத் தட்டுகிறாள். தாரணியிடம் போனில் சொல்லி எழுதச் சொல்லலாம் என்றாள். வேண்டாம் என்றேன். என் பேனாவை நானே பிடிக்கிறேன்.

வியாழக்கிழமை நடந்தது. காலையில் எழுந்ததே மங்கலாகத்தான் இருந்தது. சாரல் நாள், மேகம், என்று எண்ணிக்கொண்டேன். ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது, மின்விசிறி நின்ற சத்தத்தில் தெரிந்தது. அவினாசிக்காரர் வரும் முன்னால் விளக்குகளை ஒரு தரம் சரிபார்த்துவிட வேண்டும். செட்டுக்குள் போய் ஷட்டரை இறக்கிவிட்டு, எல்லாச் சுவிட்சையும் தடவித் தடவிப் போட்டு வைத்தேன். கரண்ட் வந்ததும் தானாக எரியட்டும். ஸ்டூலை இழுத்துப் போட்டு, விளக்குகள் இருக்கும் பக்கம் முகத்தை வைத்து உட்கார்ந்தேன்.

இருட்டு சுகமாகத்தான் இருந்தது. ஷட் டவுன் என்றால் ஊருக்கே இருட்டு. எனக்கு மட்டும் இல்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு மற்றவர்களைப் போல நானும் கரண்டுக்காகக் காத்திருந்தேன். கொஞ்சம் கண் அயர்ந்திருப்பேன்.

சமையலறையில் மிக்சி ஓடுகிற சத்தம் கேட்டது.

சமைக்கிற அம்மாள் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். மிக்சி ஓடி நின்றது. மறுபடி ஓடியது. நான் அசையவில்லை. கண்ணை மூடித் திறந்தேன். கையை முகத்துக்கு முன்னால் கொண்டுவந்தேன். இன்னும் பக்கத்தில் கொண்டுவந்தேன், விரல் மூக்கில் இடித்தது. அப்புறம்தான் கவனித்தேன், என் கன்னத்தில் சூடு தெரிந்தது. ஃபோகஸ் லைட்டின் சூடு.

கலாமணி ஷட்டரைத் தூக்கினாள். "ஏனுங்க, இத்தன லைட்டையும் போட்டுட்டு ஒத்தைல உக்காந்து என்ன பண்றீங்க? மத்தியானமே கரண்ட் உட்டுட்டாங்களே."

"எல்லாம் எரியுதா புள்ள?"

ஒவ்வொன்றாகக் கேட்டேன். தூண் இரண்டும்? எரியுதுங்க என்றாள். கைகள்? எரியுதுங்க. தரையோரம்? எரியுதுங்க. குரல் ஒவ்வொரு தடவையும் கீழே இறங்கிக்கொண்டே போனது. கடைசியில் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நானும் அழுதேன். செட்டுக்குள் அத்தனை வெளிச்சத்தில் இரண்டு பேரும் அழுதோம் என்று பின்னால் சென்னியப்பன் சொன்னான். அவன் வந்து நின்றதுகூட எனக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் அதே சின்ன வயசு டாக்டர். அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது என்றார். மருந்து ஒழுங்காகப் போட்டாரா என்று கேட்டார். கலாமணி சட்டென்று சொன்னாள்: "ஒரு வேளைகூடத் தப்பாமப் போட்டாருங்க. நாந்தானுங்க தெனமும் கேப்பேன்." மறுபடியும் நான் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். ஆனால் இந்தத் தடவை அவள் பொய் சொல்லவில்லை. அவள் அதை நம்பினாள்.

அடுத்த வரிக்கு என் கையை எடுத்து வைத்துவிட்டாள். எழுதறேன் என்றேன். எழுதுங்க என்றாள்.

நான் மருந்து போடவில்லை. குப்பி என் கைக்கு வந்ததிலிருந்து ஒரு நாளும் போடவில்லை.

என் மணிக்கட்டைப் பிடித்திருந்த அவள் கை எடுபட்டுவிட்டது. பேனாவைத் தூக்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தேன். எழுதறேன் என்றேன். பதில் இல்லை. பதில் வராமல் தொடக் கூடாது என்பது நான் வைத்த சட்டம். காத்திருந்தேன். அவள் மூச்சுச் சத்தம் கேட்டது. எழுந்து போகவில்லை, அங்கேதான் இருந்தாள். தெருவில் பால்காரர் வண்டி வந்து, நின்று, போய்விட்டது. எழுதறேன் என்று மறுபடியும் சொன்னேன்.

ரொம்ப நேரம் கழித்து, மூன்று விரல் உள்ள கை வந்து என் கையைப் பிடித்தது. இத்தனை நேரம் பிடித்த கை இல்லை, மற்றது. பேனாவை ஒரு வரி கீழே நகர்த்தி வைத்தது.

"எழுதுங்க" என்றாள்.

எழுத அதிகம் இல்லை. அவினாசிக்காரர் விளக்கெல்லாம் ஜோராக இருக்கிறது என்று சொல்லி லிஃப்ட்டை விலை பேசி முடித்துவிட்டார். நாளை கழற்ற ஆள் வருகிறது. பிப்ரவரியிலிருந்து சரக்கு மட்டம், சரக்கு மட்டம் என்று கடைக்காரர்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். நான் கட்டிய விளக்கில் ஒன்றுகூடப் பழுதில்லை.